தலைகீழ் விமானமும் சங்கு முத்திரையும்: அச்சுப்பிழைத் தபால்தலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், "இவரு ஸ்டாம்ப் சேக்குத ஆளு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இலையில் சோறு விழுவதற்கு முன்னால் கேள்வி வந்து விழும். அதிலும் முக்கால்வாசி, தப்பாக அச்சான ஸ்டாம்பைப் பற்றித்தான். பல வருடமாகச் சொன்ன பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

தப்பா அடிச்ச ஸ்டாம்பக் கிழிச்சுப் போடணும், அதுதானே முறை. அதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு மதிப்பு?

கிழித்துப் போடுவதுதான் முறை. அதனால்தான் மதிப்பு. அச்சகத்தில் ஒவ்வொரு ஷீட்டையும் பார்த்து, எண்ணி, பிசகினதைத் தனியே எடுத்து அழித்துவிடுவார்கள். இந்தியாவில் நாசிக் அச்சகம் 1920களிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. ஸ்டாம்ப் என்பது பணம் மாதிரி, ஒரு ஷீட் குறைந்தாலும் கணக்குக் கேட்பார்கள். இத்தனை கண்ணையும் தாண்டி, கட்டுக்குள் ஒளிந்து, ஏதோ ஒரு தபால் ஆபீஸ் ஜன்னல் வழியாக வெளியே வந்த ஒன்றிரண்டைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

நல்ல ஸ்டாம்பில் இயந்திரம் வேலை செய்த அடையாளமே தெரியாது. பிழையில்தான் எந்த நிறம் முதலில் விழுந்தது, காகிதம் எந்தப் பக்கமாக உள்ளே போனது, ஊசி எங்கே இறங்கியது என்பதெல்லாம் தெரியவரும். எனக்குப் பிடித்தது அதுதான். விலை வேறு சிலருக்குப் பிடிக்கும், அதையும் கீழே சொல்கிறேன்.

தலைகீழாப் பறக்குத விமானம்னு ஒண்ணு சொல்லுவாவளே, அது என்ன கதை?

அமெரிக்காவில் 1918இல் விமானத் தபால் தொடங்கியபோது 24 சென்ட்டில் ஒரு ஸ்டாம்ப் வந்தது. சிவப்புச் சட்டம், நடுவில் நீல நிறத்தில் ஜென்னி என்ற இரட்டை இறக்கை விமானம். இரண்டு நிறம் என்பதால் ஒரே காகிதத்தை இரண்டு தடவை இயந்திரத்துக்குள் விட வேண்டும். ஒரு ஷீட்டை இரண்டாம் தடவை தலைமாற்றி விட்டுவிட்டார்கள். மே 14 அன்று வாஷிங்டனில் ராபி என்பவர் 24 டாலர் கொடுத்து 100 ஸ்டாம்ப் உள்ள ஒரு முழு ஷீட் வாங்கினார். பார்த்தால் அத்தனை விமானமும் மல்லாந்து கிடந்தது.

அவர் அதை ஒரு வாரத்துக்குள் 15,000 டாலருக்குக் கொடுத்தார். வாங்கிய வியாபாரி கிளைன், கர்னல் கிரீன் என்ற பணக்காரருக்கு 20,000 டாலருக்கு விற்றார். கிரீன் ஷீட்டைப் பிரித்துவிட்டார். பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் பின்பக்கமும் அது ஷீட்டில் எத்தனையாவது இடம் என்று பென்சிலால் சிறியதாக எண் போட்டு வைத்தார்கள். இன்றைக்கு ஒன்று ஏலத்துக்கு வந்தால், "இது 49ஆம் நம்பர்" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் சொல்கிறார்கள். அந்த 49தான் 2023 நவம்பரில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது.

நம்ம இந்தியாவுல அப்படி ஒண்ணும் கெடையாதா?

உண்டு, ஜென்னிக்கு 64 வருடம் மூத்தது. 1854இல் கல்கத்தாவில், சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் கல் அச்சில் அடித்த நாலணா ஸ்டாம்ப். சிவப்புச் சட்டத்துக்குள் விக்டோரியா ராணியின் நீலத் தலை. இதற்கும் இரண்டு தடவை அச்சு, அதே மாதிரிதான் பிசகு. ராணி தலைகீழாக நிற்கிற பிரதிகளில் இன்று உலகத்தில் இருப்பவை முப்பதுக்கும் குறைவு.

ஒரு வேடிக்கை: அந்தக் காலத்தில் ஸ்டாம்புக்குத் துளை கிடையாது, கத்தரியால்தான் வெட்ட வேண்டும். இந்தச் சட்டம் எட்டு மூலை உள்ளது. அதனால் பலர் எட்டு மூலையாகவே வெட்டி ஒட்டிவிட்டார்கள். தலைகீழ் ராணியிலும் சதுரமாக வெட்டினது அபூர்வத்திலும் அபூர்வம். சோம்பேறித்தனமாக வெட்டினவன் பிரதிக்கு விலை கூடுதல்.

கலர் கொஞ்சம் நகந்திருந்தாலும் பிழைதானா? எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம்.

முழுப் பிழை என்றால் ஒரு வேலை அடியோடு தவறியிருக்க வேண்டும். நடுப்படம் தலைகீழ், ஒரு நிறம் முழுக்க இல்லை, இரண்டு ஸ்டாம்புக்கு நடுவே துளையே விழவில்லை, அல்லது நிறமே மாறிப் போனது. ஸ்வீடனில் 1855இல் மூன்று ஸ்கில்லிங் ஸ்டாம்ப் நீலப்பச்சையில் வந்திருக்க வேண்டும். எட்டு ஸ்கில்லிங்குக்கான மஞ்சளில் ஒன்று வந்துவிட்டது. எட்டு ஸ்கில்லிங் அச்சுத்தகட்டில் ஒரு அச்சு கெட்டுப்போய், மாற்று அச்சு என்று மூன்று ஸ்கில்லிங்கை எடுத்துச் செருகியிருப்பார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பழைய கடிதக் கட்டில் இருந்து அதைக் கண்டெடுத்த பையன் 7 குரோனருக்கு விற்றான். 1996இல் அதே ஸ்டாம்ப் 28 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. இன்றுவரை இரண்டாவது பிரதி கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் அப்போதிருந்த கேப் காலனியின் முக்கோண ஸ்டாம்பிலும் 1861இல் ஒரு பென்னியும் நாலு பென்னியும் இப்படியே கலந்து, சிவப்பு நீலமாகவும் நீலம் சிவப்பாகவும் வந்தது.

நிறம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருப்பது, துளை வரிசை கோணலாக விழுந்து காந்தியின் காதைக் கடித்திருப்பது, மடங்கின காகிதத்தில் வெள்ளைக் கோடு, மை சிந்தின பொட்டு, இவையெல்லாம் விசித்திரம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பார்க்க ஜோராக இருக்கும், ஆல்பத்தில் எல்லோரும் முதலில் இதைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் பார்க்கும் விலைப்பட்டியலில் பெரும்பாலும் தனி இடம் கிடையாது. ஒரு சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

என்கிட்ட துளையே இல்லாத ஸ்டாம்ப் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. லட்சாதிபதியா நான்?

ஒன்றே ஒன்றா? அப்படியென்றால் பொறுங்கள். ஓரம் அகலமான சாதாரண ஸ்டாம்பின் பல்லை யாரோ கத்தரித்திருக்கலாம். சிறப்பு வெளியீட்டுச் சிறு ஷீட்டிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கலாம். 1854 காலத்து ஸ்டாம்பாகவும் இருக்கலாம், அப்போது இங்கே எதற்குமே துளை இல்லை என்று மேலே சொன்னேனே.

அதனால்தான் துளையில்லாப் பிழையை ஜோடியாகக் கேட்பார்கள். இரண்டு ஸ்டாம்ப் ஒட்டியபடி, நடுவே பல் இல்லாமல் இருந்தால் கத்தரிக்கோலால் அதைச் செய்ய முடியாது. ஜோடி கிடைத்தால் பிரிக்காதீர்கள். பிரித்தால் கையில் இருப்பது வெறும் இரண்டு துண்டுக் காகிதம்.

நெறம் விட்டுப்போனது? அதையாவது நம்பலாமா?

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு வியாபாரி, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம் மட்டும் உள்ள ஒரு ஸ்டாம்பைக் காட்டினார். மஞ்சள் விட்டுப்போயிருக்கிறது என்றார். மஞ்சள் போனால் பச்சை நீலமாகத்தானே தெரியும், கணக்கு சரியாக இருந்தது. ஒரு மாசச் சம்பளத்தில் கால்பங்கு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, தபால் முத்திரையின் கறுப்பு மைக்குக் கீழே மட்டும் பச்சை அப்படியே இருந்தது. முத்திரை மறைத்த இடத்தில் வெயில் படவில்லை. எங்கோ ஒரு ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் கிடந்து மஞ்சள் வெளுத்துப்போன ஸ்டாம்ப் அது.

வெயில் ஒரு வழி. ரசாயனத்தில் முக்கி நிறத்தை எடுப்பது இன்னொரு வழி. நிஜமாகவே நிறம் விட்டுப்போனதென்றால் லென்ஸில் அந்த நிறத்தின் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. "கிட்டத்தட்ட இல்லை" என்றால் அது பிழை இல்லை, மை குறைவு.

எங்க தாத்தா பெட்டில சங்கு போட்ட ஸ்டாம்ப் கெடக்கு. பைசா கிட்டுமா?

இந்த மாவட்டத்தில் எனக்கு அதிகம் வருகிற கேள்வி. காரணம் உண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். நமக்குத் தனித் தபாலே இருந்தது, அஞ்சல் என்று பேர். கையில் மணி கட்டின கோலோடு அஞ்சலோட்டக்காரன் ஓடின கதையை எங்கள் பாட்டி சொல்லுவாள். 1888இல் முதல் ஸ்டாம்ப் வந்தது, நடுவில் சங்கு. விலை காசிலும் சக்கரத்திலும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். "கையில சக்கரம் இல்ல" என்று இங்கே இன்னும் பெரியவர்கள் சொல்லுவார்களே, அந்தச் சக்கரம்தான். 1951இல் அஞ்சல், இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது.

சரி, பைசா? சாதாரணச் சங்கு ஸ்டாம்புக்கு டீச்செலவுக்குத்தான் கிட்டும். லட்சக்கணக்கில் அச்சடித்து, லட்சக்கணக்கில் மிஞ்சியவை. ஆனால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அது தபால் ஸ்டாம்புதானா என்று பாருங்கள். பத்திரத்திலும் கோர்ட் காகிதத்திலும் இருப்பது வேறு இனம், அதற்குத் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. பிறகு, ஸ்டாம்ப் கவரோடு இருந்தால் கவரோடு விடுங்கள். தக்கலை, குளச்சல், பூதப்பாண்டி என்று தெளிவாக ஊர் முத்திரை விழுந்த அஞ்சல் கவர், உரித்தெடுத்த பத்து ஸ்டாம்பைவிட மேல். கடைசியாக, ஒட்டியபடி இருக்கும் ஜோடிகளில் நடுத்துளை உண்டா என்று பாருங்கள். சங்கு ஸ்டாம்புகளில் துளை விட்டுப்போன ஜோடிகள் பலவற்றை விலைப்பட்டியல்களே ஒத்துக்கொள்கின்றன.

சங்கு மட்டும் இல்லை. 1939இல் வந்த வரிசையில் குமரிமுனையும் பேச்சிப்பாறை அணையும் படமாக வந்தன. நம் ஊர் அணைக்கட்டு ஸ்டாம்பில் வந்ததென்று பேச்சிப்பாறைக்காரர்களிடமே சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அதுல ஒண்ணுல மேல அடிச்ச எழுத்து தலைகீழா இருக்கு. அதுவும் பிழையா?

ஆமாம், திருவிதாங்கூர் சேகரிப்பின் ருசியே இதில்தான். அரசு அலுவலகக் கடிதங்களுக்கு என்று சாதாரண ஸ்டாம்பின் மேல் "ஆன் எஸ்.எஸ்." என்று கறுப்பில் அடித்தார்கள். ஆன் சர்க்கார் சர்வீஸ் என்பதன் சுருக்கம். 1911இல் தொடங்கிய வழக்கம். இதைப் போலவே, கையிருப்பு ஸ்டாம்பின் விலையை மாற்ற மேலே புது விலையை அடிப்பதும் அடிக்கடி நடந்தது. 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி ஆனபிறகு சக்கரத்தை அணாவாக்க மறுபடியும் ஒரு சுற்று.

இதெல்லாம் ஈய எழுத்தைக் கையால் கோத்து அடித்தது. ஒரு எழுத்து உருண்டு கவிழும், ஒன்று தேய்ந்து வேறு அளவு எழுத்து வந்து உட்காரும், ஷீட் திரும்பிப் போய் எல்லாமே தலைகீழாக விழும், சிலது இரண்டு தடவை விழும். லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மழைக்கால மத்தியானம் முழுக்க ஓட்டலாம். ஆனால் மேலச்சைப் போலியாக அடிப்பதுதான் உலகத்திலேயே சுலபமான வேலை. எழுத்து ஸ்டாம்பின் தபால் முத்திரைக்கு மேலே ஏறியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுங்கள். ஸ்டாம்ப் பயணம் போய் வந்த பிறகு அடித்த எழுத்து அது.

அச்செல்லாம் ஒழுங்கு, ஆனா படமே தப்புன்னா?

அது வரைந்தவர் பிழை. நம் நாட்டிலேயே அருமையான உதாரணம்: 1949 ஆகஸ்ட் 15இல் வந்த தொல்லியல் வரிசையின் ஓரணா போதிசத்துவர். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி படம் இடவலம் மாறி, நீட்டின கை இடது கையாகிவிட்டது. 1950இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். கிழக்கு ஜெர்மனி 1956இல் இசைமேதை ஷூமானுக்கு ஸ்டாம்ப் போட்டு, பின்னால் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பை அச்சடித்தது. செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் 1903இல் கொலம்பஸ் கையில் தொலைநோக்கியைக் கொடுத்தது, அவர் செத்து நூறு வருடம் கழித்து வந்த கருவியை.

பேச ஜோராக இருக்கும். ஆனால் இவற்றில் முழு அச்சும் அப்படித்தான் இருக்கும், அதனால் அபூர்வம் இல்லை. இரண்டு போதிசத்துவரையும் பள்ளிக்கூடப் பையனே பாக்கெட் மணியில் வாங்கிவிடலாம். வாங்கவும் சொல்லுவேன்.

அபூர்வம்னாலே ஏதாவது பிழை இருக்கணும், இல்லியா?

இல்லை. 1948இல் சுவிட்சர்லாந்தில் அச்சான பத்து ரூபாய் காந்தி ஸ்டாம்பில் "சர்வீஸ்" என்று மேலடித்தவை கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக மட்டும், வெறும் நூறு. நாலு சேர்ந்த ஒரு தொகுதி 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது. அதில் பிழை ஒன்றுமே இல்லை.

சில சமயம் பிழை என்ற கதைதான் பிழையாக இருக்கும். 1847 மொரீஷியஸ் ஸ்டாம்பில் "போஸ்ட் பெய்ட்" என்று வெட்ட வேண்டியதை அச்சு செதுக்கினவன் மறதியில் "போஸ்ட் ஆபீஸ்" என்று வெட்டிவிட்டான் என்று நானும் பல வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆராய்ந்தவர்கள் அப்படி ஒரு மறதியே நடக்கவில்லை என்கிறார்கள். கதை போனாலும் விலை இறங்கவில்லை.

கெவர்மெண்டே திரும்ப அதே பிழைய அடிச்சு விட்டா, நம்ம கதி?

நடந்திருக்கிறது. 1962இல் அமெரிக்கா, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்து விபத்தில் இறந்த ஹாமர்ஷோல்டுக்கு நாலு சென்ட் ஸ்டாம்ப் வெளியிட்டது. சிலவற்றில் பின்புல மஞ்சள் தலைகீழாக விழுந்தது. கண்டெடுத்த ஒருவர் விஷயத்தைப் பத்திரிகைக்குச் சொன்னதுதான் தாமதம், தபால் துறைத் தலைவர் அதே பிழையோடு நாலு கோடி அடிக்கச் சொல்லிவிட்டார். கோடீஸ்வரனாகப் போகிறவரிடம் ஒரே நாளில் எல்லோரிடமும் உள்ள ஸ்டாம்ப். சேகரிப்பாளர்கள் மத்தியில் அந்த முடிவுக்கு இன்னும் திட்டு விழுகிறது. நான் அந்தத் திட்டில் சேரமாட்டேன். கிடைத்தவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

தபால் ஆபீஸ்ல வாங்குன ஷீட்ல பிழை இருந்தா சட்டப்படி அது எனக்கா?

காசு கொடுத்து ஜன்னலில் வாங்கியது உங்களுடையது. ராபி விஷயத்திலும் அதிகாரிகள் வந்து திருப்பிக் கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. ஆனால் யார் காசு என்பது முக்கியம். 1986இல் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.யின் ஊழியர் ஒருவர் அலுவலக உபயோகத்துக்கு வாங்கிவந்த ஒரு டாலர் ஸ்டாம்புகளில் 95இல் படத்தின் ஒரு நிறம் தலைகீழாக இருந்தது. சகாக்கள் தங்கள் ஸ்டாம்பை வைத்து அவற்றை மாற்றி எடுத்துக்கொண்டார்கள். அலுவலகம் பின்னால் திருப்பிக் கேட்டது.

அச்சகக் கழிவு என்று ஒன்றும் சந்தையில் சுற்றுகிறது. அழிக்க வேண்டிய தாள் பின்வாசல் வழியாக வந்தது. பார்க்கப் பெரிய பிழை மாதிரி இருக்கும், நாலு அச்சு ஒன்றன்மேல் ஒன்று. ஜன்னலில் விற்காத எதையும் நான் பிழை என்று எண்ணுவதில்லை, வாங்குவதும் இல்லை.

அப்போ எது நெசம்னு யாரு சொல்லுவா?

வீட்டுக்கு ஒரு லென்ஸ், துளை அளக்கும் அட்டை, புற ஊதா விளக்கு இருந்தால் முதல் சலிப்பு முடிந்துவிடும். கழுவின காகிதமும் புதிதாகப் பூசின பசையும் அந்த விளக்கில் வேறு மாதிரி மின்னும். பெரிய தொகை என்றால் சான்றிதழ் வேண்டும். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு மாதிரி அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துச் சொல்லும். இரண்டாயிரம் ரூபாய் ஸ்டாம்புக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. சான்றிதழ் இல்லாமல் லட்சம் சொல்லுகிறவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

நம்ம ஊரு ஈரத்துல எப்படிப் பத்திரமா வைக்க?

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. தமிழ்நாட்டில் ஸ்டாம்புக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. பசை இளகி ஆல்பத்தில் ஒட்டும், பழுப்புப் புள்ளி விழும், இராமபாணப் பூச்சி பசையை நக்கும். ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒரு தடவை வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து அறைக்குள்ளேயே விரித்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், என் கதையை மேலே படித்தீர்கள். மலிவான பிளாஸ்டிக் உறையும் செல்லோ டேப்பும் வேண்டவே வேண்டாம். பிழை என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

உங்ககிட்ட எத்தனை பிழை இருக்கு?

விலைப்பட்டியலில் இடம்பெறுகிற மாதிரி மூன்று, மூன்றும் திருவிதாங்கூர். விசித்திரம் ஒரு ஆல்பம் நிறைய.

தவறவிட்டதைச் சொல்கிறேன். மகள் கல்யாணத்துக்கு வெளியூர் அழைப்பிதழ் அனுப்ப பத்து ஸ்டாம்ப் ஒரே துண்டாக வாங்கினேன். ராத்திரி பதினொரு மணி, கண்ணில் தூக்கம், ஒவ்வொன்றாகக் கிழித்து, நாக்கில் தொட்டு ஒட்டி, ஒன்பது கவர் காலையில் பெட்டியில் போட்டாயிற்று. ஒரு விலாசம் தெரியாததால் பத்தாவது மிஞ்சியது. நாலு நாள் கழித்துத்தான் அதை வெளிச்சத்தில் பார்த்தேன். துளை வரிசை அரை ஸ்டாம்ப் இறங்கி, மேலே ஒருவர் தாடி, கீழே இன்னொருவர் நெற்றி. ஒன்பது வீட்டிலும் கேட்டாயிற்று. அழைப்பிதழை மூன்று வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். கவரை ஒருவரும் வைத்திருக்கவில்லை.